8 ரூபாய் ஆயிலை மிச்சம் பிடிச்சா 8,800 ரூபாய் செலவு! ஏற்காட்டுல ஒரு பிரஷ் கட்டர் சொன்ன பாடம்



ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்க சித்தப்பாவுக்கு மூணு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கு. மேல சில்வர் ஓக் நிழல், அதுல படர்ந்த மிளகுக் கொடி, கீழ காபிச் செடி. மழை ஆரம்பிச்சுட்டா செடிகளுக்கு நடுவுல களை இடுப்பளவு ஏறிடும். களை வெட்ட ஆள் கிடைக்கிறது கஷ்டம்னு மூணு வருஷம் முன்னாடி ஒரு டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வாங்கினார். நல்லா உழைச்ச மெஷின், போன ஆகஸ்ட்ல வேலைக்கு நடுவுல திடீர்னு நின்னுபோச்சு. ஸ்டார்ட்டர் கயிறை இழுத்தா அசையவே இல்ல.

சேலத்துக்கு எடுத்துட்டுப் போய் பிரிச்சுப் பார்த்தா, பிஸ்டன் பூரா கோடு கோடா சுரண்டியிருக்கு. உதிரி பாகம், கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். மெஷின் திரும்பி வர்றதுக்குள்ள களை வெட்ட 8 ஆள், தலைக்கு 500 வீதம் 4,000 ரூபாய். மொத்தம் 8,800.

"என்ன சித்தப்பா ஆச்சு?"ன்னு கேட்டேன். "ரொம்பப் புகையா வந்துச்சுடா. ஆயில் அதிகமாயிடுச்சோன்னு நினைச்சு பாதியா குறைச்சு ஊத்தினேன்" என்றார்.

தப்பு நடந்தது அங்கதான். இந்தத் தப்பை மலைமேல நிறைய பேர் பண்ண வாய்ப்பிருக்கு. அதான் இந்தப் பதிவு.

ஆயில் கணக்கு

பைக், கார் இன்ஜினுக்கு அடியில தனியா ஆயில் இருக்கும். டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர்ல அப்படி எதுவும் இல்ல. பெட்ரோல்ல நாம கலக்குற 2டி ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஒரே வழுவழுப்பு. 50:1 கேட்கிற மெஷினுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, 25:1 கேட்கிற மெஷினுக்கு 40 மில்லி. உங்க மெஷின் எதுன்னு மேனுவல்ல இருக்கும், நிறைய மெஷின்ல டேங்க் மேலயே எழுதியிருக்கும்.

2டி ஆயில் லிட்டர் 400 ரூபாய்னு வச்சுக்கிட்டா 20 மில்லி விலை 8 ரூபாய். சித்தப்பாவோட 8,800 ரூபாயை 8-ஆல வகுத்துப் பாருங்க. 1,100 லிட்டர் பெட்ரோலுக்குக் கலக்க வேண்டிய ஆயில் காசு அது! அந்த மெஷின் ஆயுசு முழுக்க அவ்வளவு பெட்ரோல் குடிக்குமான்னே சந்தேகம்.

கண்ணளவு வேண்டாம். மெடிக்கல் ஷாப்ல ஒரு சிரிஞ்ச் வாங்கி பெட்ரோல் கேன்லயே கட்டி வைங்க.

அப்போ புகை ஏன் வந்துச்சு?

ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். இங்க காற்று சமவெளியை விட கிட்டத்தட்ட 15 சதவீதம் லேசா இருக்கும். கார்ப்பரேட்டரோ சமவெளிக் காற்றுக்கு செட் பண்ணி வந்தது. காற்று குறைஞ்சாலும் அது விடுற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. முழுசா எரியாம புகை வரும், இழுவை குறையும், பிளக் கருப்பாகும். இதோட ஏர் ஃபில்டர்லயும் புல் தூசி அடைச்சா கேட்கவே வேண்டாம்.

அதனால புகையைப் பார்த்ததும் ஆயிலைக் குறைக்காதீங்க. முதல்ல ஏர் ஃபில்டரைக் கழுவுங்க. அதுக்கப்புறமும் புகை இருந்தா, விவரம் தெரிஞ்ச மெக்கானிக்கை வச்சு கார்ப்பரேட்டரை மலைக்கு ஏத்த மாதிரி ட்யூன் பண்ணுங்க.

இதுல இன்னொரு ஆபத்து இருக்கு. மலைக்கு ட்யூன் பண்ண மெஷினை, "ரெண்டு நாள் குடுப்பா"ன்னு கேட்ட சொந்தக்காரருக்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலத்துக்குக் கொடுத்து விடுறோம். அங்க காற்று அடர்த்தி. பெட்ரோல் பத்தாம இன்ஜின் சூடேறி, ஆயில் சரியா இருந்தாலும் ஜாம் ஆகலாம். கீழ போனா திரும்ப ட்யூன் பண்ணணும்.

பிளக் நிறம் பாருங்க

பிளக்கைக் கழட்டி நுனியைப் பாருங்க. வறுத்த காபிப் பொடி மாதிரி பழுப்பா இருந்தா இன்ஜின் நல்லா இருக்கு. கருப்பா, ஈரமா இருந்தா பெட்ரோல் அதிகம் அல்லது ஃபில்டர் அடைப்பு. வெள்ளையா வெளுத்திருந்தா உடனே நிறுத்துங்க, இன்ஜின் அதிகமா சூடாகுது.

நாமே பண்ணக்கூடிய வேலைகள்

1. தினமும்: ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர்னா சோப்புத் தண்ணியில கழுவி, நல்லா காய வச்சு மாட்டுங்க. சிலிண்டர் பக்கவாட்டுத் தகடுகள்ல ஒட்டின புல்லையும் சுரண்டி எடுங்க. அது அடைச்சா சூடு வெளியேறாது.
2. 20, 25 மணி நேரத்துக்கு ஒருமுறை: பிளேடு பக்கம் இருக்கிற கியர் பாக்ஸுக்கு கிரீஸ். ரொம்பப் பேர் மறக்குறது இதைத்தான்.
3. சீசனுக்கு ஒருமுறை: டேங்க் உள்ள இருக்கிற பெட்ரோல் ஃபில்டரை மாத்துங்க. சைலன்சர் வாயில இருக்கிற சின்ன வலையில கரி பிடிச்சா சுத்தம் பண்ணுங்க. பெட்ரோல் டியூப் விறைச்சுப் போயிருந்தா அதையும் மாத்துங்க.
4. ஃபோர் ஸ்ட்ரோக் வச்சிருந்தா: பெரும்பாலான மெஷின்ல பெட்ரோல்ல ஆயில் கலக்கக் கூடாது. ஆயில் அளவை தினமும் பாருங்க, மேனுவல் சொல்ற மணி நேரத்துல மாத்துங்க.
5. சூடா இருக்கிற இன்ஜின்ல பெட்ரோல் ஊத்தாதீங்க. பத்து நிமிஷம் ஆற விடுங்க.

சும்மா கிடக்குறதும் கெடுதல்தான்

காபிப் பழம் பறிக்கிற சீசன் வந்துட்டா பிரஷ் கட்டர் மூலைக்குப் போயிடும். அடுத்த மழைக்குத்தான் ஞாபகம் வரும். இப்போ நாம வாங்குற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஏற்காட்டுப் பனியைப் பத்தி சொல்லவே வேண்டாம். ஈரம் அதிகமானா எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும். பெட்ரோல் டியூப் உறிஞ்சுறதும் அடியில இருந்துதான்! அந்தத் தண்ணியில ஆயில் கிடையாது.

அதனால ரெண்டு மூணு வாரத்துக்கு மேல கலந்த பெட்ரோலை வைக்காதீங்க. எடுத்து வைக்கும்போது டேங்கைக் காலி பண்ணி, இன்ஜின் தானா நிக்கிற வரை ஓட விடுங்க. ஆறினதும் பிளக்கைக் கழட்டி நாலு சொட்டு 2டி ஆயில் விட்டு, கயிறை மெதுவா ரெண்டு தடவை இழுத்து, பிளக்கை மாட்டிடுங்க. பத்து நிமிஷ வேலை.

மெஷினுக்கு ஒரு உண்டியல்

புதுசா வாங்கப் போறீங்கன்னா, வேளாண் பொறியியல் துறை மூலமா மானியம் கிடைக்குமான்னு முதல்ல கேளுங்க. கருவிக்கு ஏத்த உச்சவரம்பு உண்டு, எத்தனை சதவீதம்ங்கிறது விவசாயி எந்தப் பிரிவுங்கிறதைப் பொறுத்து மாறும். வாங்கிட்டுப் போய் கேட்டா கிடைக்காது, முதல்லயே விண்ணப்பிக்கணும்.

ஆனா மானியம் மெஷினுக்குத்தான், ரிப்பேருக்கு இல்ல. அதுக்கு சித்தப்பா வீட்ல இப்போ ஒரு வழி பண்ணியிருக்கோம். ஒவ்வொரு டேங்க் பெட்ரோல் ஊத்தும்போதும் ஒரு டப்பாவுல 10 ரூபாய். சீசனுக்கு 60 டேங்க் ஓடினா 600 ரூபாய். பிளக், ஃபில்டர், டியூப், கிரீஸ் எல்லாம் அதுலயே முடிஞ்சுடும். கைக்காசு கரையாது.

இன்சூரன்ஸ், எஸ்.ஐ.பி. பத்தியெல்லாம் நாம நிறைய பேசுறோம். வீட்ல ஏற்கனவே இருக்கிற பொருளோட ஆயுசை ரெண்டு வருஷம் கூட்டுறதும் சேமிப்புதான் நண்பர்களே. சித்தப்பா இப்போ சிரிஞ்ச் இல்லாம பெட்ரோல் கேனைத் தொடுறதே இல்ல.

உங்க மெஷின் பிளக் என்ன நிறத்துல இருக்குன்னு பார்த்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!