காட்டில் விடச் சொன்னது யார்?

பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னது யார்? ஹான்சல், கிரெட்டல் கதை தெரிந்தவர்கள் மாற்றாந்தாய் என்பார்கள்.

ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட முதல் பதிப்பில் அவள் பெற்ற தாய்! வீட்டில் ரொட்டிக்கு வழியில்லை. அதனால் எடுத்த முடிவு அது. பஞ்சமும் பிரசவ மரணமும் அன்றைய ஐரோப்பா நன்றாக அறிந்தவை. பெரியவர்கள் நூல் நூற்றபடி தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கதைகளில் அந்தப் பயமும் கலந்தது. பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள்.

புத்தகம் குழந்தைகள் கைக்குப் போனதும், பின்னாளைய பதிப்புகளில் தாயை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். ஸ்னோ ஒயிட் கதையிலும் இதே மாற்றம்தான்.

ஸ்னோ ஒயிட்டின் மாற்றாந்தாயான அரசிக்குத் தந்த தண்டனையை மட்டும் குறைக்கவே இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிக்கொண்டு, செத்து விழும்வரை அந்த அரசி ஆடியாக வேண்டும்.