உறக்க மருந்து பலன் தராதபோது

பெரட்டு மணி ஒலித்ததும் எழுந்து, இருள் கலையுமுன் பால்மரக் காட்டிற்குப் புறப்பட்ட மக்கள் நாம். பகலெல்லாம் உழைத்த உடலுக்கு இரவு உறக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதை எவரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இன்று பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தோட்டங்களை விட்டு ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் குடியேறிய குடும்பங்களில் பலர் தொழிற்சாலைகளில் முறைமாற்றி வேலை செய்கின்றனர். ஆயினும் உறக்கத்தின் தேவை சிறிதும் குறைந்துவிடவில்லை.

இத்தகைய குடும்பம் ஒன்றில், மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசமுடைய பிள்ளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். நள்ளிரவு கடந்தும் பிள்ளை கண் அயர்வதில்லை. மருத்துவரின் ஆலோசனைப்படி கொடுத்த மருந்து முதலில் நல்ல பலன் தந்தது. சில வாரங்களில் பழைய நிலை திரும்பிவிட்டது. தாய் விடியற்காலை வேலைக்குச் செல்ல வேண்டும். "மருந்தைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் என்ன?" என்னும் எண்ணம் இவ்வேளையில்தான் எழுகின்றது. அவ்வாறு செய்வது ஏன் தவறு, அதற்கு மாறாகச் செய்யத்தக்கது யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

ஆட்டிசமுடைய பிள்ளைகளுள் பத்தில் ஐந்து முதல் எட்டுப் பேர் வரை உறக்கக் குறையால் அல்லலுறுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே, இது வளர்ப்பின் குற்றமன்று, கண்ணேறுமன்று. தாய் தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை.

மணியும் மருந்தும்

இப்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தரப்படும் மருந்து மெலட்டோனின் ஆகும். 1958ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஆரன் லெர்னரும் அவருடைய குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர். இருள் சூழ்ந்ததும் நம் மூளையிலுள்ள ஒரு சிறு சுரப்பி இதனைத் தானாகவே சுரக்கின்றது. இஃது ஆளை மயக்கி வீழ்த்தும் மருந்தன்று. "இரவு வந்துவிட்டது" என்று உடலுக்கு அறிவிக்கும் மணி போன்றது.

தோட்டத்துப் பெரட்டு மணியை நினைவுகூர்வோம். குறித்த வேளையில் ஒலித்ததால்தான் அம்மணிக்குப் பொருள் இருந்தது. இரவும் பகலும் அஃது ஓயாது ஒலித்திருந்தால் எவர் அதனைப் பொருட்படுத்தியிருப்பர்? 2010ஆம் ஆண்டில் நெதர்லாந்து மருத்துவர் வீபே பிராமும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதனையே காட்டிற்று. சிலருடைய உடல் மெலட்டோனினை மிக மெதுவாகவே கரைக்கின்றது. முதல்நாள் இரவு கொடுத்த மருந்து மறுநாள் பகலிலும் எஞ்சி நிற்க, நாளடைவில் இரவுக்கும் பகலுக்கும் வேறுபாடு இல்லாமற் போகின்றது. மருந்து தன் பலனை இழக்கின்றது. இத்தகையோருக்கு அளவைக் கூட்டியதால் அன்று, வெகுவாகக் குறைத்ததாலேயே பலன் மீண்டும் கிட்டியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் காரணம் இதுவே என்று கொள்ளலாகாது. எனினும், மருத்துவரைக் கேளாமல் அளவைக் கூட்டலாகாது என்பதற்கு இதுவொன்றே போதிய சான்றாகும். மருத்துவர் எழுதிக் கொடுத்த வேறு உறக்க மருந்துகளைத் திடீரென நிறுத்துவதும் தீங்கு விளைக்கும்.

சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் மருந்தை உறக்கத்திற்காகக் கொடுக்கும் வழக்கமும் சில இல்லங்களில் உண்டு. அத்தகைய மருந்தொன்றை வளர்ந்தவர்களுக்குக் கொடுத்து 2002ஆம் ஆண்டில் நடத்திய ஆய்வில், நான்காம் நாளிலேயே அதன் மயக்கும் தன்மை மறைந்துவிட்டது. சில பிள்ளைகளை இம்மருந்து உறங்க வைப்பதற்குப் பதிலாகத் துள்ளவும் வைக்கும்.

வாங்கும் மருந்திலும் விழிப்பு வேண்டும். கனடாவில் விற்கப்பட்ட 31 வகை மெலட்டோனின் பொருள்களை 2017ஆம் ஆண்டில் சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் உறையில் குறித்த அளவும் உள்ளிருந்த அளவும் ஒத்திருக்கவில்லை. ஆகவே, முகமறியா வணிகரிடம் மருந்து வாங்குதல் கூடாது. நம் சுகாதார அமைச்சின் பதிவெண் உறையில் உள்ளதா என்று பார்த்தே வாங்குதல் வேண்டும்.

காரணத்தைத் தேடுக

ஆட்டிசமுடைய பிள்ளைகளுள் பலர் தம் நோவை வாய்விட்டுச் சொல்ல இயலாதவர்கள். மலச்சிக்கல், பல்வலி, நெஞ்செரிவு, இரவில் ஆசனவாயில் அரிப்பைத் தரும் கீரிப்பூச்சி, மூச்சுத் திணறும் குறட்டை, வலிப்பு ஆகிய இவற்றுள் ஏதேனும் ஒன்று உறக்கத்தைக் கெடுக்கலாம். இரும்புச்சத்துக் குறைவும் ஒரு காரணமாகும். கனடாவின் டோரன்டோ நகரில் 33 பிள்ளைகளுக்கு எட்டு வாரங்கள் இரும்புச்சத்து மருந்து கொடுத்தபோது, அவர்களது அமைதியற்ற உறக்கம் சீர்பெற்றதை 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டிற்று. ஆயினும், இரத்தச் சோதனை செய்யாமல் இரும்புச்சத்து மருந்து கொடுத்தல் ஆபத்தாகும்.

எனவே, முதல் வேலையாக ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, இரண்டு வாரங்களுக்குக் குறிப்பெழுதுக. படுத்த நேரம், உறங்கிய நேரம், இடையில் விழித்த நேரம், எழுந்த நேரம், பகலுறக்கம், உணவு, மலம் கழித்தமை, மருந்தின் அளவு ஆகியவற்றைக் குறித்தால் போதும். அப்புத்தகத்தை மருத்துவரிடம் காட்டினால், பத்து நிமிடப் பேச்சில் விளங்காதது அவருக்கு ஒரே பார்வையில் விளங்கும்.

இரவையும் பகலையும் வேறுபடுத்துக

அமெரிக்க நரம்பியல் கழகம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, முதலில் பழக்கவழக்கங்களைச் சீர்ப்படுத்த வேண்டும் என்றும், அதன் பின்னரே குறைந்த அளவில் மெலட்டோனினைத் தொடங்கலாம் என்றும் கூறுகின்றது. செய்யத்தக்கவை வருமாறு:

ஒன்று: விடுமுறை நாளாயினும் ஒரே நேரத்தில் பிள்ளையை எழுப்புக. 1982ஆம் ஆண்டின் முதல் நாளில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டன. அதனால் ஈப்போவில் கதிரவன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையிலேயே உதிக்கின்றது. கதிரவன் எழுந்ததும் பிள்ளையைச் சிறிது நேரம் வெளியே நடத்திச் செல்க.

இரண்டு: பிற்பகலுக்குப் பின் தேநீர் கொடுத்தலைத் தவிர்க்க. உறங்கும் வேளைக்கு ஒரு மணி நேரத்திற்கு முன் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து, விளக்குகளைக் குறைத்திடுக.

மூன்று: முகம் கழுவுதல், பல் துலக்குதல், உடை மாற்றுதல், பாய் விரித்தல் ஆகிய செயல்களை ஒரு தாளில் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுக. நாள்தோறும் அதே வரிசையில் செய்க. அடுத்து வருவது யாதென அறிந்தால் இப்பிள்ளைகளின் மனம் அமைதியுறும்.

நான்கு: பிள்ளை உண்மையில் இரவு 11.30 மணிக்குத்தான் உறங்குமாயின், 9 மணிக்கே படுக்க வைத்துப் போராட வேண்டாம். முதலில் 11.30 மணிக்கே படுக்க வைத்து, எளிதில் உறங்கப் பழகிய பின்னர், சில நாள்களுக்கு ஒருமுறை கால்மணி நேரம் முன்னதாகக் கொண்டு வருக.

ஐந்து: தொட்டிலும் ஓர் உறக்கத் துணையே. ஆட்டத்தில் கண் அயர்ந்த பிள்ளை, ஆட்டம் நின்று விழித்ததும் மீண்டும் அதனையே நாடும். பிள்ளை வளர்ந்ததும் தொட்டில் பயன்படாது. எனவே, ஆட்டுவதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பாயில் உறங்கப் பழக்குக. இரவில் விழித்தால் விளக்கேற்றாமல், அதிகம் பேசாமல், மீண்டும் படுக்கைக்கு அழைத்துச் செல்க.

இம்முறைகளைத் தொடங்கிய முதல் சில நாள்களில் பிள்ளையின் அழுகை கூடவும் கூடும். அதனால் மனந்தளர்ந்து இடையில் கைவிடலாகாது.

பாதுகாப்பும் உதவியும்

கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச்சென்ற குட்டைகள் பல உள்ளன. இரவில் எழுந்து வெளியேறும் பிள்ளைகளுள் பலரை நீர்நிலை ஈர்க்கும். ஆகவே, கைக்கெட்டாத உயரத்தில் கதவுக்குத் தாழ்ப்பாளும், கதவு திறந்தால் ஒலிக்க ஒரு மணியும் பொருத்துக. இதனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடலாகாது.

அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கை முதலில் நாடுக. அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் குழந்தை நலப் பிரிவுக்கு அனுப்பப்பெறலாம். சமூகநல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை பெறுக. 1984ஆம் ஆண்டில் நம் நாட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்ட மையங்களும், 1987ஆம் ஆண்டில் அமைந்த தேசிய ஆட்டிசச் சங்கமும் பெற்றோருக்குத் துணை நிற்கின்றன.

தாயொருத்தியே எல்லா இரவுகளிலும் விழித்திருத்தல் நெடுநாள் நடவாது. தந்தையும் தாத்தாவும் பாட்டியும் முறைவைத்துக் கண்விழித்தல் வேண்டும். மருந்து பலன் தராதது பெற்றோரின் தோல்வியன்று. காரணத்தை மீண்டும் தேடுவதற்கான அறிவிப்பேயாகும். அளவைக் கூட்டும் கையை நிறுத்தி, குறிப்புப் புத்தகத்தை எடுக்கும் கையே பிள்ளைக்கு உறக்கத்தையும் இல்லத்திற்கு அமைதியையும் தேடித்தரும்.