சக்கரப் புராணம் – 17: பெரிய வளையல், சின்ன வளையல்

டயரின் சைடுவாலில் பொறித்திருக்கும் எண்களைப் போன வாரம் படித்தோம். 185/65 R15 என்றால் 185 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் 65 சதவீதம் சைடுவாலின் உயரம், 15 அங்குல ரிம். இதற்குமேல் வேண்டுபவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் பிரேக் என்று சொல்லியிருந்தேன். பிரேக்குக்குப் போகும் வழியில் ஒரு வளையலைப் பார்த்துவிட்டேன்; அதைச் சொல்லாமல் மேலே நகர முடியாது.

சென்னை ஜி.பி. ரோட்டில் அலாய் வீல் மாட்டப் போனால், கடைக்குக் கடை ஒரே பேச்சு. “அண்ணே, பதினாறு இஞ்ச் போட்டா பிக்கப் போயிடுமா?” என்று வண்டிக்காரர் கேட்பார். “கொஞ்சம் அடி வாங்கும் சார், ஆனா வண்டி கம்பீரமா நிக்கும்” என்று பதில் வரும். பக்கத்தில் நிற்கும் இன்னொருவர், “வீல்ல ஒரு கிலோ ஏறினா வண்டியில பத்து கிலோ ஏத்தின மாதிரி” என்று ஒரு போடு போடுவார். இந்தப் பத்து கிலோ கணக்கு நாலு, எட்டு என்று ஆளுக்கு ஆள் மாறும். உண்மையான கணக்கு என்னவென்று தேடியதில்தான் வளையல் அகப்பட்டது.

ஒரு பலகையை லேசாகச் சாய்த்து வையுங்கள். உச்சியிலிருந்து ஒரு வளையலையும் ஒரு ரூபாய்க் காசையும் ஒரே நேரத்தில் உருள விடுங்கள். காசுதான் முதலில் வரும், எத்தனை முறை விட்டாலும். இப்போது காசை எடுத்துவிட்டுப் பெரிய வளையல் ஒன்று, குழந்தையின் சின்ன வளையல் ஒன்று என்று விட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே கீழே வந்து நிற்கும். தங்கமா, கண்ணாடியா, கனமா, லேசா, எதுவும் கணக்கில் வராது. இதைக் கண்ணால் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

காரணம் இதுதான். உருளும் பொருளுக்கு முன்னே போகிற வேலை ஒன்று, சுற்றுகிற வேலை ஒன்று. வளையலின் எடை மொத்தமும் விளிம்பில் இருக்கிறது. விளிம்பு சுற்றும் வேகமும் வளையல் முன்னே நகரும் வேகமும் ஒன்றே. ஆகவே போவதற்கு எவ்வளவு சக்தி தேவையோ, சுற்றுவதற்கும் அவ்வளவே தேவை. ஒரு கிலோ வளையல் இரண்டு கிலோ போல நடந்துகொள்கிறது. காசின் எடை நடுவிலும் பரவியிருப்பதால் அது ஒன்றரை மடங்கோடு தப்பிக்கிறது. பெரிய வளையலின் விளிம்பு மையத்திலிருந்து தள்ளி இருந்தாலும், அது மெதுவாகச் சுற்றுகிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால் அளவு கணக்கிலிருந்து காணாமல் போகிறது.

கார் சக்கரத்துக்கும் இதே சட்டம்தான். சாலையைத் தொடும் ரப்பரில் ஒரு கிலோ கூடினால், வேகம் எடுக்கும்போது அது இரண்டு கிலோ. ரிம்மில் கூடினால் அதைவிடக் குறைவு. அச்சருகே கூடினால் ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகம். பத்து கிலோ எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு சக்கரமும் 3 கிலோ கூடியது என்று வைத்துக்கொள்வோம். நாலுக்கும் சேர்த்து 12 கிலோ, மிஞ்சிப்போனால் 24 கிலோ போல. சுமார் 900 கிலோ எடையுள்ள ஸ்விஃப்டில் அது 3 சதவீதம்கூட வராது.

அப்படியென்றால் பிக்கப்பைத் தின்பது எது? மொத்த விட்டம். இங்கேதான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்விஃப்டின் கீழ்ரக மாடலில் வந்த டயர் 165/80 R14. மேல்ரகத்தில் 185/65 R15. காகிதத்தில் போட்டுப் பாருங்கள். முதலாவதன் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், இரண்டாவது 621.5. இன்னும் ஓர் அங்குலம் ஏற்றி 195/55 R16 என்றாலும் 620.9தான். ரிம் 14-லிருந்து 16-க்கு வளர்ந்தும் டயரின் வெளிச்சுற்று இரண்டு மில்லிமீட்டருக்குள் நிற்கிறது. இப்படி ரிம் ஏற ஏற சைடுவாலைக் குறைத்துக்கொண்டே போனால் இன்ஜினுக்கு வித்தியாசமே தெரியாது; கூடுகிற எடை மட்டும்தான் சுமை.

அதே 16 அங்குல ரிம்மில் ‘பார்க்க நல்லா இருக்கும்’ என்று 205/60 R16 மாட்டினால் கதை வேறு. விட்டம் 652 மில்லிமீட்டர், 5 சதவீதம் கூடுதல். எல்லா கியரும் 5 சதவீதம் நீண்டுவிட்ட மாதிரி. அதே கியரில் சாலையைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறையும். கொடைக்கானல் மலைப்பாதையில் இரண்டாவது கியரில் ஏறிய வளைவு முதல் கியரைக் கேட்கும். நாற்கரச் சாலையில் 2,500 சுற்றில் போன இன்ஜின் 2,380-ல் போகும். அந்த ஒன்று லாபம்.

மைலேஜ் குறைந்துவிட்டது என்ற புகாரில் ஒரு பங்கு மாயை. சக்கரம் பெரிதானதால் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான தடவையே சுற்றுகிறது. ஓடோமீட்டர் சுற்றைத்தான் எண்ணும். நீங்கள் 1,000 கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் அது 953 என்று காட்டும். லிட்டருக்கு 20 கொடுத்த வண்டி, கணக்கில் 19 கொடுத்ததாகத் தெரியும். ஸ்பீடோமீட்டரும் அப்படியே. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது பல நாடுகளில் விதி. கம்பெனி அதற்காக வைத்த இடைவெளியைப் பெரிய டயர் விழுங்கிவிடும். மீட்டர் முன்பு துல்லியமாக இருந்திருந்தால், முள் 100-ல் நிற்கும்போது நீங்கள் 105-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். இது ஆபத்தானது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

விட்டம் மாறாமல் ரிம்மை மட்டும் ஏற்றினாலும் வேறு இடத்தில் விலை உண்டு. 165/80-ன் சைடுவால் 132 மில்லிமீட்டர், 195/55-ல் 107. ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி உடனே திரும்பும், உண்மைதான். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போது ரிம்முக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே இருந்த காற்று ஓர் அங்குலம் போய்விட்டது. ரிம் நெளிவதும் டயரின் ஓரம் வீங்குவதும் அதனால்தான். எடையும் இங்கேதான் முழுப் பழி வாங்கும்: ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் கனம் குதித்தால் அதை அடக்க ஷாக் அப்சார்பர் படாத பாடு படும். நம் ஊர்ச் சாலைகளுக்கு நான் ஓர் அங்குலத்துக்கு மேல் ஏற்றச் சொல்ல மாட்டேன்.

சக்கரத்தைச் சின்னதாக்கினால் எல்லாம் சரியாகுமா? 1959-ல் வந்த மினி அதைச் செய்து பார்த்தது. அலெக் இசிகோனிஸ் காருக்குள் ஆட்களுக்கு இடம் வேண்டும் என்று சக்கரத்தை 10 அங்குலத்துக்குக் குறைத்தார். டன்லப் நிறுவனம் அதற்கென்றே டயர் செய்து கொடுத்தது. அந்தக் குட்டிச் சக்கரங்களோடு 1964-ல் பேடி ஹாப்கிர்க் மான்டே கார்லோ ராலியையே ஜெயித்தார். படங்களில் பாருங்கள், பனியில் பெரிய கார்களுக்கு நடுவே அது நிற்கும் அழகை!

ஆனால் 10 அங்குலச் சக்கரத்துக்குள் எவ்வளவு பெரிய பிரேக்கை அடக்க முடியும்? 1961-ல் வந்த மினி கூப்பரின் முன் டிஸ்க் வெறும் 7 அங்குலம். 1984-ல் மினி 12 அங்குலச் சக்கரத்துக்கு மாறியது, கூடவே 8.4 அங்குல டிஸ்க்கும் வந்தது. சக்கரம் வளர்ந்ததற்குப் பின்னால் பிரேக் இருக்கிறது. அது அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் உங்கள் வண்டியின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் குறித்து வையுங்கள். அந்த இரண்டு எண்களை வைத்துத்தான் தொடங்கப்போகிறோம்.