குடிநோயிலிருந்து மீள்வோர் கூட்டங்கள்: எதற்காக, எங்கே, எப்படி?

குடிநோய்ச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரிடம் நாங்கள் தவறாமல் கூறும் அறிவுரைகளுள் ஒன்று, அருகில் நடைபெறும் ஆதரவுக் கூட்டத்திற்குச் செல்லுங்கள் என்பது. "மாத்திரைதான் தருகிறீர்களே, கூட்டம் எதற்கு? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது?" என்று பலரும் கேட்கின்றனர். அக்கேள்விகளுக்கான விடைகளை இங்கே தருகிறோம்.

எதற்காக?

மருத்துவமனையில் தங்கும் நாட்களில் நடுக்கமும் பதற்றமும் தூக்கமின்மையும் தணிகின்றன. ஆனால் குடிக்கும் நாட்டம் அத்துடன் முடிவதில்லை. பல ஆண்டுகள் மதுவுக்குப் பழகிய மூளை, மாலைப் பொழுது, சம்பள நாள், பழைய நண்பரின் அழைப்பு ஆகியவற்றால் தூண்டப்பட்டு மீண்டும் மதுவைத் தேடுகிறது. வீடு திரும்பிய முதல் சில மாதங்களில் இந்த ஆபத்து மிகுதி. அக்காலத்தில், அதே துன்பத்தைக் கடந்து வந்த ஒருவரின் துணை பெரிதும் உதவும்.

ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் எனப்படும் ஏ.ஏ. அமைப்பு இந்த அடிப்படையிலேயே தோன்றியது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்குத் தொழில் நிமித்தம் சென்றிருந்த பில் வில்சன், குடிக்கும் வேட்கை மேலிட்டபோது, பேசுவதற்கு மற்றொரு குடிநோயாளரைத் தேடினார். அவ்வாறு அவர் சந்தித்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். ஒருவருக்கு உதவுவதன் வழியே தாமும் குடியாமல் இருக்க முடியும் என்பதை இருவரும் கண்டுகொண்டனர்.

2020இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. நோயரை ஏ.ஏ. கூட்டங்களோடு முறையாக இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து மதுவைத் தவிர்ப்பதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிடச் சற்று மேலான பயன் தருவதாக அது கண்டறிந்தது.

எங்கே?

எங்கள் மனநலச் சமூகப் பணியாளரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்திலும் ஊர்வாரியாகக் கூட்டங்களின் பட்டியல் உண்டு. போதை மீட்புக்கான தேசிய இலவசத் தொலைபேசி எண் 14446; தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104. இடமும் நேரமும் மாறுவதுண்டு. ஆகவே புறப்படும் முன் அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இயலுமாயின், மருத்துவமனையில் இருக்கும்போதே ஓர் உறுப்பினரோடு பேசிவிடுங்கள். முன்பே பேசியவர் அங்கிருந்தால், முதல் நாள் தயக்கம் பாதியாகக் குறையும்.

எப்படி?

கூட்டம் பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடைபெறும். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே சேர்வதற்கான தகுதி. கட்டணம் இல்லை. செலவுக்காகத் தட்டு சுற்றி வரும்; அதில் பணம் இட்டாக வேண்டும் என்பதில்லை. முழுப் பெயரையோ தொழிலையோ கூற வேண்டியதில்லை. அங்கே கேட்டதை வெளியில் பேசலாகாது என்பது உறுப்பினர்கள் போற்றும் நெறி. தெரிந்தவர் ஒருவரை அங்கே கண்டாலும், அவரும் அதே காரணத்திற்காகவே வந்திருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

முதல் நாளில் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கலாம். "வாழ்நாள் முழுதும் குடிக்க மாட்டேன்" என்ற சபதமும் எடுக்க வேண்டியதில்லை. இன்று ஒரு நாள் குடியாமல் இருப்பதே அங்கு இலக்கு. இறைநம்பிக்கை குறித்துச் சிலர் தயங்குவர். அங்குப் பேசப்படும் "உயர் சக்தி" எது என்பதை அவரவர் மனம்போல் கொள்ளலாம். குழுவுக்குக் குழு சூழல் மாறுபடும். ஒன்று பொருந்தாவிடில் வேறொன்றைப் பாருங்கள். சில வாரங்களேனும் சென்ற பின் முடிவு செய்யுங்கள்.

குடும்பத்தாருக்கு

ஏ.ஏ.வின் திறந்த கூட்டங்களுக்குக் குடும்பத்தாரும் செல்லலாம். மூடிய கூட்டங்கள் குடிநோயாளருக்கு மட்டுமே உரியவை. மனைவி, பெற்றோர், உறவினருக்கென 1951 முதல் அல்-அனான் என்னும் தனி அமைப்பு இயங்குகிறது. நோயர் கூட்டத்திற்கு வர மறுத்தாலும் நீங்கள் அல்-அனானுக்குச் செல்லலாம். அவருடைய குடிக்கு நீங்கள் காரணமல்ல என்பதை, அதே நிலையில் உள்ளோர் கூறக் கேட்பது பலருக்கு முதல் ஆறுதலாக அமைகிறது.

மறவாதிருக்க வேண்டியவை

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், கூட்டத்திற்குச் செல்வதற்காகத் திடீரெனத் தாமாகவே குடியை நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கு ஆபத்து நேரலாம். முதலில் மருத்துவரை அணுகுங்கள். கூட்டத்தில் யாரேனும் சொன்னார் என்று மருந்தை நிறுத்தவும் வேண்டாம். டைசல்ஃபிரம் மாத்திரையை நோயருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுப்பது மிகவும் ஆபத்தானது. அதை உண்டவர் அறியாமல் மது அருந்தினால், இரத்த அழுத்தம் குறைந்து உயிரிழக்கவும் நேரிடலாம்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால், வெட்கத்தால் ஒதுங்கிவிடாதீர்கள். அடுத்த கூட்டத்திற்குத் தவறாமல் செல்லுங்கள், எங்களிடமும் வாருங்கள். கூட்டத்தில் உள்ள பலரும் அவ்வாறு சறுக்கி மீண்டவர்களே. குடியை நிறுத்த விரும்பி வருவோர் எத்தனை முறை வந்தாலும் அவர்கள் வரவேற்பார்கள்.