பச்சிளங் குருதியும் பாச்சை உருண்டையும்

வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்தால், பெட்டியின் அடியிலிருந்து பழைய துணிகள் வெளியே வரும். அவற்றில் பாச்சை உருண்டை வாசம் வீசும். அந்த வாசமே சில குழந்தைகளுக்குப் பகையாகும் என்றால் நம்புவீர்களா, தோழியரே?

நம் இரத்தச் சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமப்பவை. அந்த வாயுவாலும் சில மருந்துகளாலும் அவை கெட்டுவிடாமல் காப்பது ஒரு நொதி. மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ஜி-6-பி-டி என்பர். சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. ஆகவே தேய்ந்த நொதிக்குப் பதிலாகப் புதிது செய்துகொள்ள அதனால் இயலாது. பிறவியிலேயே இந்நொதி குறைந்தவர்களும் உண்டு. மலேரியா மருந்தான பிரைமாகுயின் சிலருக்கு மட்டும் சிவப்பணுக்களை உடைப்பது ஏன் என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள், 1956-ல் இக்குறையைக் கண்டறிந்தனர். பெரும்பாலும் இது தாய்வழியே ஆண்மக்களுக்கு வருகிறது. பெண்கள் பலர் அறியாமலே இதைச் சுமக்கின்றனர்.

நம் செங்கற்பட்டுக்கும் இதில் தொடர்புண்டு. 1924-ல் இங்கே தோன்றிய லேடி வில்லிங்டன் தொழுநோய் நிலையம், 1955-ல் மத்திய அரசின் போதனை, ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1940-களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் இங்குதான் டாப்சோன் மருந்தைத் தொழுநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டார். இன்றைய கூட்டு மருந்துச் சிகிச்சையிலும் அது இடம்பெறுகிறது. ஆயினும் ஜி-6-பி-டி குறைந்தவரின் சிவப்பணுக்களை அது உடைக்கக்கூடும், தாய்ப்பாலிலும் கலக்கும். அதற்காகத் தாய் தானாக மருந்தை நிறுத்தலாகாது. நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். மருத்துவரிடம் சொல்லிக் கேட்பதே முறை.

பச்சிளங் குழந்தைக்கு ஏன் இவ்வளவு ஆபத்து? உடைந்த அணுக்களிலிருந்து பிலிருபின் என்னும் மஞ்சள் பொருள் உண்டாகிறது. அதை வெளியேற்றும் திறன் குழந்தையின் ஈரலுக்கு இன்னும் முதிரவில்லை. மஞ்சள் மிகுந்து மூளையை எட்டினால், காது கேளாமை, கைகால் முடக்கம், ஏன், மரணமும் நேரலாம். காலத்தில் கொண்டுசென்றால் நீல ஒளிச் சிகிச்சையாலும், தேவைப்பட்டால் இரத்தம் மாற்றுவதாலும் காப்பாற்றலாம்.

ஆகவே, மாமல்லபுரத்துக் குப்பமானாலும் செங்கற்பட்டு நகரமானாலும், நாம் நினைவில் வைக்க வேண்டியவை இவை: குழந்தையின் துணியருகே பாச்சை உருண்டை வேண்டாம். கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைக் குழந்தைக்கோ பாலூட்டும் தாய்க்கோ கொடுக்க வேண்டாம். பிறந்த முதல் நாளே உடல் மஞ்சளித்தாலும், சிறுநீர் கறுத்தாலும், பால் குடிக்காமல் துவண்டாலும், “வெயிலில் காட்டினால் சரியாகும்” என்று காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாளை அக்காவாக, சித்தியாக, தாயாகப் போகும் நாம் இதை இன்றே வீட்டில் சொல்வோம்.