முதலாளி கைவிரித்தால் இழப்பீடு போய்விடுமா?

பவர் பிரஸ்ஸில் கட்டைவிரலை இழந்த தொழிலாளிக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் பதில், “நீ எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டரிடம் போய்க் கேள்” என்பதுதான். அதைக் கேட்டதும் ஊருக்கு மூட்டை கட்டுபவர்கள் பலர். அவசரப்பட வேண்டாம். இழப்பீடு தர வேண்டியவரே ‘தர மாட்டேன்’ என்பது வாதம், தீர்ப்பு அல்ல. தீர்ப்புச் சொல்பவர் வேறு.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுகிறதா என்று முதலில் பாருங்கள். பிடித்தம் இருந்தால் உதவித்தொகை இ.எஸ்.ஐ. கழகத்திடமிருந்துதான் வரும், முதலாளி மீது தனியாக இழப்பீடு கோர முடியாது. இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராதவர்களுக்கு 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. அடிப்படை விதிகள் பெரும்பாலும் பழையவைதான். தமிழ்நாட்டில் இந்த மனுக்களை விசாரித்து வந்தவர்கள் தொழிலாளர் துறையின் இணை, துணை ஆணையர்கள்.

‘கான்ட்ராக்டர் ஆள்’ என்ற சாக்கு அங்கே எளிதில் எடுபடாது. தன் தொழிலின் வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்துகொள்ளும் நிறுவனமே இழப்பீடு தர வேண்டும். பிறகு அதை அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ‘கவனக்குறைவு’ என்பதும் அப்படித்தான். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றுதல் ஆகியவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. உயிரிழப்பு, நிரந்தர முழு ஊனம் என்றால் அந்த விலக்கும் கிடையாது.

உண்மையில் வழக்கு தோற்கும் இடம் ஆஸ்பத்திரி. காயம்பட்டவரைக் கொண்டுபோகும் மேஸ்திரி, “வீட்டில் வழுக்கி விழுந்தார்” என்று சொல்லிவிடுவார். விபத்துப் பதிவேட்டில் அந்த ஒரு வரி ஏறிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. வேலை செய்த இடத்தில் எந்த மெஷினில் அடிபட்டது என்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். பேச முடியாவிட்டால் உறவினர் சொல்லட்டும். அந்தப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இல்லாதவருக்கும் ஆதாரம் இருக்கும்: ஜி‑பேயில் வந்த கூலி, சூப்பர்வைசரின் வாட்ஸ்ஆப் செய்தி, கேட் பாஸ், உடன் வேலை செய்தவரின் சாட்சி.

‘பத்தாயிரம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு’ என்பார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனாலும் அந்தத் தாளே விசாரணையில் குழப்பம் விளைவிக்கும். சட்டம் தரும் தொகை எவ்வளவு என்று பாருங்கள். பழைய சட்டத்தின் அட்டவணைப்படி கட்டைவிரல் இழப்பு 30 சதவீத ஊனம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுக்காரருக்குக் கணக்குப் போட்டால் 5,61,546 ரூபாய் வருகிறது.

அட்டவணையே இறுதியும் அல்ல. ஒடிசாவில் சினிமா தியேட்டர் வேலையின்போது விழுந்து இடது கையை இழந்த தச்சர் ஒருவரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அது முழு ஊனமே என்ற முடிவை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய அந்தத் தீர்ப்பு இன்றும் வழக்கறிஞர்களுக்குக் கைகொடுக்கிறது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணமின்றி இழுத்தடித்தால் தொகையில் பாதிவரை அபராதம்.

இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தாலும் முதலாளியின் பொறுப்பு நீங்காது. பாலிசித் தகராறு அவர்கள் இருவருக்கும் இடையே.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. நீங்கள் வசிக்கும் இடத்திலும் போடலாம். கெடு இரண்டு ஆண்டு. ‘பார்த்துச் செய்கிறோம்’ என்ற பேச்சை நம்பி அதைத் தவறவிடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். காசு கேட்க மாட்டார்கள்.