கால் கிலோவும் 0.250-உம்: சிறாரின் அன்றாட அளவை அறிவும் பள்ளிக் கணிதமும்

ஆய்வுச் சுருக்கம்

உத்திரமேரூர் வட்டாரச் சிறார் கடையிலும் களத்திலும் சமையலறையிலும் பெறும் அளவை அறிவு, பள்ளிக் கணிதத்தில் 'திட்டமற்ற அளவைகள்' என்னும் ஒரு பாடத்தோடு நின்றுவிடுகிறது. பின்னம், தசமம், பரப்பு ஆகியவற்றைக் கற்பிப்பதற்கான அடித்தளம் அவ்வறிவினுள் இருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது. அதனை வகுப்பறைக்குக் கொணர்கையில் கருதவேண்டிய எல்லைகளையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அளவை, பின்னம், தசமம், காணி, தொடக்கக் கல்வி, உத்திரமேரூர்

முன்னுரை

தொடக்க வகுப்புகளில் நீட்டலளவைப் பாடம் பெரும்பாலும் சாணில் தொடங்குகிறது. மாணவர் மேசையைச் சாணால் அளப்பர், விடைகள் வேறுபடும், 'ஆகவே மீட்டர் தேவை' என்று பாடம் முடியும். அதன்பின் சாணும் முழமும் படியும் வகுப்பறைக்குத் திரும்பி வருவதில்லை. வீட்டறிவு, பிழையான அறிவுக்குச் சான்றாக மட்டுமே பள்ளியில் இடம்பெறுகிறது என்பதே இதன் உட்பொருள்.

இவ்வறிவின் வலிமை ஆய்வுலகம் அறியாததன்று. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருக் கடைகளில் விற்பனை செய்த ஐந்து சிறாரிடம் டெரெசினா கராகர், டேவிட் கராகர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் நடத்திய ஆய்வு 1985-இல் வெளிவந்தது. விற்பனையின்போது 98.2 விழுக்காடு சரியாகக் கணக்கிட்ட அதே சிறார், அக்கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 36.8 விழுக்காடே சரியாகச் செய்தனர். மும்பைத் தாராவியில் வீட்டுத்தொழில்களோடு தொடர்புடைய சிறாரின் அளவை அறிவை அரிந்தம் போஸ், கி. சுப்பிரமணியம் ஆகியோர் ஆராய்ந்துள்ளனர். தமிழ்ச் சூழலில் இவ்வினா மொழியோடும் பிணைந்தது.

பெயரிலேயே கணக்கு

அரை, கால் ஆகியவற்றைத் தமிழ்ச் சிறார் பள்ளிக்கு வருமுன்பே அறிவர். 'அரைக்கால்' என்னும் சொல், காலில் அரை என்னும் பெருக்கலைத் தன்னுள் கொண்டுள்ளது. 'முக்கால்' என்பது மூன்று கால்கள். 'காலே அரைக்கால்' என்பது இரு பின்னங்களின் கூட்டல். அதன் மதிப்பு எட்டில் மூன்று. பாடநூலில் பின்னப் பெருக்கல் பிந்தைய வகுப்புகளில் விதியாக வருகிறது. மொழியோ அதனை முன்பே பெயராக்கி வைத்திருக்கிறது.

உத்திரமேரூருக்கு இதில் தனியுரிமை உண்டு. முதலாம் பராந்தகன் காலத்துக் (பொ.ஆ. 919, 921) குடவோலைக் கல்வெட்டுகள் தேர்தல் வரலாற்றுக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. வாரிய உறுப்பினராவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும் என்றும், குறிப்பிட்ட வேதக் கல்வி உடையோர்க்கு அரைக்கால் போதும் என்றும் அங்கு வகுக்கப்பட்ட விதி ஒரு பின்ன ஒப்பீடும் ஆகும். ஊர் நடுவிலுள்ள அக்கோயிலுக்கு ஆண்டுதோறும் மாணவரை அழைத்துச் செல்லும் பள்ளிகள், அச்சுவரைக் கணிதப் பாடத்துக்கும் பயன்படுத்தலாம்.

கடைத் தராசு காட்டுவது

மளிகைக் கடையில் 'கால் கிலோ துவரம்பருப்பு' கேட்கும் சிறுமியின் கண்முன் மின்னணுத் தராசு 0.250 என்று காட்டுகிறது. பொட்டலத்தின்மேல் 250 கிராம் என்றிருக்கும். ஒரே அளவுக்குப் பின்னம், முழுஎண், தசமம் என மூன்று வடிவங்கள் அவளுக்கு ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. தசமத்தைக் கற்பிக்க இதனினும் பொருத்தமான வாயில் அரிது.

எனினும் இங்கு ஒரு மறைவான இடர் உண்டு. தராசு எப்போதும் புள்ளிக்குப்பின் மூன்று இலக்கங்களையே காட்டுவதால், 0.250-ஐ 'இருநூற்றைம்பது' என்றும் 0.500-ஐ 'ஐந்நூறு' என்றும் முழுஎண்ணாகப் படித்தாலே கடையில் போதுமானது, தவறு நேராது. பாடநூலில் 0.5 என்று வரும்போதுதான் சிக்கல் எழுகிறது. ஐந்தைவிட இருநூற்றைம்பது பெரிதாகையால் 0.250-ஏ பெரிது என்று மாணவர் எழுதக்கூடும். இதனைக் கவனக்குறைவு எனத் தள்ளுவது பொருந்தாது. கடையில் ஒருபோதும் பொய்க்காத ஒரு விதியை அவர் புதிய இடத்துக்கு நீட்டியிருக்கிறார். 'அரை கிலோ பெரிதா, கால் கிலோ பெரிதா?' என்று ஆசிரியர் கேட்பாராயின் மாணவர் தம் விடையைத் தாமே ஐயுறுவார். அன்றாட அறிவைப் பள்ளியறிவோடு இணைப்பது என்பதற்கு இவ்விடத்தில் நான் கொள்ளும் பொருள் இதுவே: கடையறிவு எதுவரை செல்லும், எங்கே முறியும் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல்.

முகத்தலளவையிலும் இத்தகைய வாயில் உண்டு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஓர் ஆழாக்கு அரிசியும் ஓர் ஆழாக்குப் பொரியும் ஒரே எடை அல்ல என்பதைச் சமையலறையில் உதவும் எக்குழந்தையும் அறியும். அடர்த்தி என்னும் கருத்து அங்கேயே தொடங்கிவிடுகிறது.

காணியும் சதுரமும்

பரப்புக்கு வருவோம். பழைய செங்கற்பட்டு மாவட்டக் கணக்கில், 24 அடிப் பக்கமுள்ள சதுரம் ஒரு குழி (576 சதுர அடி). 100 குழி ஒரு காணி. எனவே சதுரமான ஒரு காணியின் பக்கம் 240 அடி. பக்கம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்காகும் என்பதை மாணவர் பலர் சூத்திரமாக மனனம் செய்கின்றனர். காணி அதனைப் பத்துக்குப் பத்து கட்டமாகக் கண்முன் நிறுத்துகிறது. ஒரு காணி 57,600 சதுர அடி. 2,400 சதுர அடி கொண்ட மனைகளாகப் பிரித்தால் 24 மனை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி ஆகையால் அது ஏறத்தாழ 132 சென்ட். வயல்கள் மனைகளாகிவரும் வட்டாரத்தில் இம்மாற்றுக் கணக்கு வீடுகளில் நாள்தோறும் பேசப்படுவதே.

அளந்தவர் யார்?

இவ்வறிவைப் போற்றுவோர் பலர் தவிர்க்கும் வினா ஒன்றுண்டு. களத்தில் கூலிநெல் அளந்த மரக்கால், கூலி பெற்றவர் கையில் இருந்ததில்லை. திண்ணைப் பள்ளியின் எண்சுவடியும் ஊரார் எல்லார்க்கும் உரியதாயிருக்கவில்லை. மேற்கூறிய குடவோலை விதியே நிலமற்றவரை விலக்கிய விதிதான். ஆகவே 'உங்கள் வீட்டில் எத்தனை காணி நிலம்?' என்று வகுப்பில் கேட்பது, சிலரைப் பெருமிதம் கொள்ளவும் சிலரைத் தலைகுனியவும் செய்யும் வினா. சிறார் கடையில் கற்கின்றனர் என்பது அவர்களைக் கடை வேலைக்கு அனுப்புவதற்கான வாதமும் ஆகாது.

இக்கோணத்தில் நோக்கின் திட்ட அளவைகளின் தேவையும் வேறுவிதமாக விளங்கும். 1956-ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரச் சட்டமும் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அளப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்க முற்பட்டவை. இருவர் சாண் வேறுபடுகிறது என்பதைவிட, ஒருவர் மரக்கால் மற்றவர் கூலியைக் குறைக்கக்கூடும் என்பது மாணவர்க்கு எளிதில் புரியும் காரணம்.

வகுப்பறைக்கு உரிய களங்கள் எல்லார்க்கும் பொதுவானவையாக இருத்தல் நலம்: நியாயவிலைக் கடைத் தராசு, பூக்கடை முழம், நேரடி நெல் கொள்முதல் நிலையம். கொள்முதல் விலை குவிண்டாலுக்கு அறிவிக்கப்படுகிறது. மூட்டையோ 40 கிலோ. ஐந்து மூட்டை இரண்டு குவிண்டால் என்று ஒரு மாணவர் கண்டறிந்துவிட்டால், ஒரு மூட்டைக்குரிய தொகையை அவரே கணித்து, வீட்டுக்கு வந்த பற்றுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.